'கெரெக்' பாரசீகச் சொல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காகசஸ் நாடுகளின் மொழிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பணியின் பொருட்டு அஜர்பைஜானின் தலைநகரான பாகூவில் தங்கி, அங்குள்ளோரிடமே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில், துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அஜர்பைஜான் மொழியைப் பற்றித் தமிழில் எவரேனும் எழுதினால் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி தனி. அந்த மகிழ்ச்சி கட்டுரையின் நடுப்பகுதி வரை நீடித்தது. அங்கே கட்டுரையாளர், கட்டாயத்தையும் தேவையையும் குறிக்க அம்மொழியில் வழங்கும் 'லாஸிம்', 'வாஜிப்', 'கெரெக்' ஆகிய மூன்று சொற்களுமே அரபிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த இரவல்கள் என்று எழுதியிருக்கிறார். அத்துடன் நில்லாமல், குதிரையும் ஆடும் மேய்த்துத் திரிந்த துருக்கியருக்குக் கடமை என்ற கருத்தே பிறர் கற்பித்ததுதான் என்பதற்கு இதைச் சான்றாகவும் காட்டுகிறார். முதற்கூற்று மூன்றில் இரண்டு பங்கு சரி. 'கெரெக்' பற்றிய பங்கு தவறு. அதன்மேல் எழுப்பிய முடிவோ முழுவதும் தவறு. ஒரு மக்களின் அன்றாடப் பேச்சில் நாள் முழுதும் புழங்கும் சொல்லைப் பிறருடையது என்று சொல்லி, அதிலிருந்து அவர்களுடைய மனப்பாங்கைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும்போது, சான்றுகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தினால்தான் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒலி. தமிழில் 'கெரெக்' என்று எழுதினாலும், அதன் முதற் ககரத்தை 'பக்கம்' என்பதில் உள்ளதுபோல் வல்லொலியாக அன்றி, 'தங்கம்' என்பதில் உள்ளதுபோல் மெல்ல அதிர்த்து ஒலிக்க வேண்டும். அதில் வரும் இரண்டு உயிர்களும் தமிழின் எகரம் அல்ல. 'பேங்க்' என்று நாம் சொல்லும்போது வாயில் வரும் அந்த அகன்ற உயிரைக் குறுக்கிச் சொன்னால் ஏறக்குறைய சரியாக வரும். இந்த உயிருக்கென்று தலைகீழாகத் திருப்பிய ஆங்கில 'e' போன்ற ஒரு தனி எழுத்து அவர்கள் நெடுங்கணக்கில் உண்டு. சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்ட 1991ஆம் ஆண்டு இறுதியில் இலத்தீன் எழுத்துக்குத் திரும்பியபோது, அதற்குப் பதிலாக மேலே இரு புள்ளி வைத்த அகர எழுத்தை ஏற்றார்கள். மறு ஆண்டே அதைக் கைவிட்டுப் பழைய தலைகீழ் எழுத்தை மீட்டுக்கொண்டார்கள். அம்மொழியில் மிகுதியாக வரும் உயிர்களுள் ஒன்று அது என்பதால், சொல்லுக்குச் சொல் மேலே புள்ளி வைத்துக்கொண்டிருப்பது எழுதுவோருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது.

இனிச் சொல்லின் வரலாறு. 'லாஸிம்' அரபு, ஒட்டிக்கொண்டிருத்தல், விட்டு நீங்காதிருத்தல் என்ற பொருளுடைய அரபு வேரிலிருந்து வந்தது. 'வாஜிப்' என்பதும் அரபு. தமிழ் முஸ்லிம்களுக்கு மார்க்க வழக்கில் நன்கு பழகிய 'வாஜிபு'தான் அது. இவ்விரண்டும் இரவல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 'கெரெக்' அப்படிப்பட்டதன்று. அதன் மூத்த வடிவம் 'கெர்கெக்'. அது காகிதத்தில் அன்றிக் கல்லிலேயே கிடைக்கிறது. அதுவும் துருக்கியர் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன்பே, பாரசீக மண்ணுக்கு அவர்கள் பெருந்திரளாக வருவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைக்கிறது.

இன்றைய மங்கோலியாவில் ஒர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூல் திகின் என்ற துருக்கிய இளவரசனுக்காகக் கி.பி. 732இல் நாட்டிய நினைவுக்கல் நிற்கிறது. அவன் 731இல் இறந்தான். அவனுடைய அண்ணனும் பேரரசனுமான பில்கெ ககானின் வாய்மொழியாகவே அதில் வாசகம் அமைந்துள்ளது. நெடுங்காலம் எவராலும் படிக்க முடியாதிருந்த அந்த எழுத்துமுறையை 1893இல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன் படித்தறிந்தார். அண்ணன் தம்பியின் சாவைச் சொல்லும் வரி இப்படித் தொடங்குகிறது: 'இனிம் கூல் திகின் கெர்கெக் போல்தி.' 'என் தம்பி கூல் திகின் இறந்துபட்டான்' என்பது பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என் தம்பி கூல் திகின் கெர்கெக் ஆனான்.' அடுத்து, தான் துயருற்றதாகவும், பார்க்கும் தன் கண் பாராததுபோலவும் அறியும் தன் அறிவு அறியாததுபோலவும் ஆகிவிட்டதாகவும் ககான் சொல்கிறான். காலத்தை வகுப்பது வானம், மனித மக்கள் அனைவரும் இறப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளவும் முயல்கிறான்.

தேவையைக் குறிக்கும் சொல் சாவைக் குறிக்கும் தொடரில் எப்படி வந்து சேர்ந்தது என்று படிப்பவர் கேட்கலாம். இதற்கு அறிஞர்கள் இரண்டு விளக்கங்கள் தருகிறார்கள். தவிர்க்க முடியாதது வந்து சேர்ந்தது, விதிக்கப்பட்டது நடந்தது என்று கொள்வது ஒன்று. 'கெர்கெக்' என்பதற்கு 'இல்லாமை, குறைபாடு' என்ற பொருளே முந்தியது, ஆகவே 'அவன் இல்லாதவன் ஆனான்' என்று கொள்வது மற்றொன்று. எனக்கு இரண்டாவதே இயல்பாகப் படுகிறது. ஒன்று இல்லாதபோதுதான் அது தேவைப்படுகிறது. இன்மையிலிருந்து தேவைக்குப் பொருள் நகர்வது எளிது, தேவையிலிருந்து இன்மைக்கு நகர்வது அவ்வளவு எளிதன்று. எந்த விளக்கத்தைக் கொண்டாலும், சொல் துருக்கியருடையது என்பதில் வேறுபாடு எழவில்லை. ஜெரார்ட் கிளாசன் 1972இல் வெளியிட்ட, 13ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய துருக்கியத்தின் சொற்பிறப்பு அகராதியிலும் இச்சொல் மொழியின் சொந்தச் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது.

கட்டுரையாளரின் இரண்டாவது முடிவுக்கும் இதே கல் மறுமொழி தருகிறது. தங்கள் குலமுதல்வர்களைப் பற்றிக் கூறுமிடத்தில், அவர்கள் துருக்கிய மக்களின் நாட்டையும் 'தோரு'வையும் தாங்கி நிறுத்தினார்கள் என்று வாசகம் சொல்கிறது. 'தோரு' என்றால் வழிவழியாக வந்த நெறி, சட்டம், ஒழுங்கு. மன்னன் மக்களுக்கு என்ன செய்ய வேண்டும், மக்கள் மன்னனுக்கு என்ன செய்யத் தவறினார்கள், அதனால் என்ன கேடு வந்தது என்பதைத்தான் அந்தக் கல் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. பசித்திருந்த மக்களை ஊட்டினேன், ஆடையற்றவர்களை உடுத்தினேன், இரவில் உறங்கவில்லை, பகலில் அமரவில்லை என்று ககான் தன் கடமையைக் கணக்குக் காட்டுகிறான். இதைப் பொறித்து வைத்தவர்களுக்குக் கடமை என்னவென்று வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டியிருந்தது என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

கல்வெட்டில் சாவுத் தொடராக நிற்கும் சொல், தேவைப் பொருளில் நூல்களில் இடைவிடாமல் வருகிறது. இன்றைய சீனாவின் வடமேற்கிலுள்ள துர்பான் பகுதியில் கிடைத்த, உய்குர் என்ற துருக்கிய மக்களின் பழைய ஏடுகளில், குறிப்பாகப் பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகளில், 'பில்மிஷ் கெர்கெக்' என்பது போன்ற தொடர்கள் பரவலாக உண்டு. 'அறிந்திருக்க வேண்டும்' என்பது பொருள். 1069-70இல் கஷ்கரின் கராகானிய அரசனுக்கு யூசுஃப் என்பவர் படைத்தளித்த அறநூலான 'குதத்கு பிலிக்'கில் நடுவிலிருந்த ககரம் தேய்ந்து 'கெரெக்' ஆகிவிட்டது. ஆனால் முதற் ககரம் இன்னமும் வல்லொலிதான். அரசனுக்கு என்ன வேண்டும், அமைச்சனுக்கு என்ன வேண்டும், படைத்தலைவனுக்கு என்ன வேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாகச் சொல்லும் நூல் அது. திருக்குறளின் பொருட்பாலைப் படித்தவர்களுக்கு அதன் போக்கு அந்நியமாகத் தோன்றாது. அத்தகைய நூலுக்கு இந்தச் சொல் எவ்வளவு கை கொடுத்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் நடந்தது ஒலிமாற்றம். ஓகுஸ் என்ற மேற்குக் கிளையைச் சேர்ந்த துருக்கியர், அதாவது இன்றைய துருக்கி, அஜர்பைஜான், துர்க்மெனிஸ்தான் மக்களின் முன்னோர், நாவின் முன்பகுதியில் ஒலிக்கும் முன்னுயிருக்கு முன் வரும் சொல்முதல் வல்லொலிக் ககரத்தைப் பெரும்பாலும் மெல்லொலியாக ஆக்கிக்கொண்டார்கள். கசாக் மொழியில் நாளுக்கும் கண்ணுக்கும் 'வா' என்பதற்கும் முறையே 'குன்', 'கோஸ்', 'கெல்' என்ற வேர்கள் வல்லொலியில் தொடங்க, அஜர்பைஜான் மொழியில் அதே மூன்றும் 'தங்க'த்தின் ககரத்தில் தொடங்குகின்றன. 'கெரெக்'கும் இந்த வரிசையில் பிசகாமல் சேர்கிறது: கசாக், கிர்கிஸ், உஸ்பெக், உய்குர், தாத்தார் மொழிகளில் வல்லொலி, துருக்கி, துர்க்மென், அஜர்பைஜானில் மெல்லொலி. பாரசீகத்திலிருந்து அண்மையில் பெற்ற சொல்லாக இருந்தால், வோல்கா ஆற்றங்கரைத் தாத்தாரும் தியான்ஷான் மலைக் கிர்கிஸும் இந்த ஒழுங்குக்கு உட்பட்டு இதே சொல்லை வைத்திருக்க வழியே இல்லை. தவிர, பாரசீகத்தில் தேவையைச் சொல்ல 'பாயத்' உண்டு, 'நியாஸ்' உண்டு, அரபிலிருந்து பெற்ற 'லாஸெம்' உண்டு. அம்மொழிக்குரிய சொந்தச் சொல்லாக 'கெரெக்' இல்லை. இல்லாத வீட்டிலிருந்து எப்படி இரவல் வாங்க முடியும்?

மாறாக, இந்தச் சொல்தான் பிறருக்குக் கடன் போயிருக்கிறது. மங்கோலிய மொழியில் இன்று 'ஹெரெக்' என்றால் காரியம், தேவை. 'ஹெரெக்தே' என்றால் 'தேவை, வேண்டும்.' இது பழந்துருக்கியத்திலிருந்து மங்கோலியம் பெற்றது என்பதே பரவலான கருத்து. கூல் திகினின் கல் நிற்கும் நாட்டில் இப்போது துருக்கியம் பேசுவோர் சிறுபான்மையினர்தாம். ஆயினும் அந்தக் கல்லில் உள்ள சொல் அந்நாட்டுப் பெரும்பான்மையோரின் வாயில் இன்னமும் இருக்கிறது. (ஹங்கேரிய மொழியில் 'கெரெக்' என்றொரு சொல் உண்டு; அதற்கு 'வட்டமான' என்று பொருள். அதற்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒத்திருப்பதைக் கண்டவுடன் உறவு கொண்டாடுவோர் நம்மிடையே பலர் இருப்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.)

இத்தனையும் சொன்ன பிறகு, கட்டுரையாளருக்கு அந்தத் தவறான எண்ணம் எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் சொல்வதே நியாயம். அவர் எங்கோ ஓரிடத்தில் உண்மையைத் தொட்டிருக்கிறார். சொல் துருக்கியது, ஆனால் அஜர்பைஜான் மொழித் தொடரில் அந்தச் சொல் அமரும் இடம் பாரசீகப் பாங்கு. இதுதான் இவ்விஷயத்திலேயே மிகச் சுவையான பகுதி. இது கட்டுரையில் விடுபட்டுப் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

துருக்கிய மொழிகளின் பொது இயல்பு, முதன்மையானதை இறுதியில் வைப்பது. 'நான் போக வேண்டும்' என்பதற்கு இஸ்தான்புல்காரர் 'கித்மெம் கெரெக்' என்பார். 'என் போதல் தேவை' என்று சொல்லுக்குச் சொல் வரும். உஸ்பெக்கியர் 'போரிஷிம் கெரக்' என்பார், அமைப்பு அதேதான். 'போக வேண்டும்' என்று தேவைச் சொல்லைக் கடைசியில் வைத்தே பழகிய தமிழருக்கு இந்த வரிசையில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் பாகூவிலும், ஈரானின் வடமேற்கிலுள்ள தப்ரீஸிலும் மக்கள் பேச்சில் சொல்வது 'கெரெக் கெதெம்.' தேவைச் சொல் முன்னால் வந்துவிட்டது. வினை பெயராகாமல், விருப்பத்தைக் காட்டும் வடிவில், தன்மை முன்னிலை விகுதிகளோடு பின்னால் வருகிறது. நான் என்றால் 'கெரெக் கெதெம்', நீ என்றால் 'கெரெக் கெதெசென்', நாம் என்றால் 'கெரெக் கெதெக்.' 'கெரெக்' மாறுவதே இல்லை. யார் போக வேண்டும் என்பதை வினையே சொல்லிவிடுகிறது. இப்போது பாரசீகத்தைப் பாருங்கள்: 'பாயத் பெரவம்.' 'பாயத்' முன்னால், அதுவும் மாறுவதில்லை, பின்னால் விருப்பப்பொருள் வடிவில் வினை, தன்மை விகுதியோடு. இரண்டு தொடர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விளிம்பு பிசகாமல் பொருந்தும்.

இது தற்செயலன்று. 11ஆம் நூற்றாண்டில் செல்ஜூக்கியர் என்ற துருக்கிய அரச மரபினருடன் ஓகுஸ் மக்கள் வந்து குடியேறுவதற்கு முன், இன்று அஜர்பைஜானுக்கும் ஈரானுக்கும் இடையே எல்லையாக ஓடும் அரஸ் ஆற்றின் இருபுறமும் ஈரானிய மொழிகளைப் பேசிய மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களில் ஒரு சாரார் தாலிஷ், தாத் மொழிகளை இன்றும் பேசுகிறார்கள். மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் துருக்கியத்துக்கு மாறினார்கள். மொழி மாறும் மக்கள் புதுமொழியின் சொற்களை எளிதில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் சொற்களைக் கோக்கும் பழைய பழக்கத்தை அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள். அதன்மேல், 1501இல் தப்ரீஸைத் தலைநகராக்கிக்கொண்டு ஈரானை ஆண்ட சஃபாவியர் காலத்தில் அரண்மனையிலும் படையிலும் துருக்கியம், அலுவல் எழுத்தில் பாரசீகம் என்ற இருமொழி வாழ்க்கை வேரூன்றியது. படித்தவர்கள் நாள்தோறும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினார்கள். 1813இலும் 1828இலும் ஏற்பட்ட குலிஸ்தான், துர்க்மென்சாய் உடன்படிக்கைகளின்படி அரஸின் வடகரை ரஷ்யாவிடம் போனது. தென்கரை ஈரானிடமே நின்றது. இன்று வடக்கே உள்ள குடியரசில் வாழ்வோரைவிடத் தெற்கே ஈரானில் இம்மொழியைப் பேசுவோரே அதிகம். அந்தத் தென்பகுதியில் 'கெரெக் கெதெம்' என்ற அமைப்பு பேச்சின் முதுகெலும்பாக விளங்குகிறது.

பழைய வரிசை எப்படியிருந்தது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். அஜர்பைஜானியர் தம் சொத்தாகப் போற்றுவதும், கசாக்ஸ்தானும் துருக்கியும் தமக்கும் உரியதென்பதுமான தெதெ கோர்குத் என்னும் ஓகுஸ் வீரக்கதைகளின், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள சுவடியிலேயே அது இருக்கிறது. (2018இல் யுனெஸ்கோ இம்மரபை மூன்று நாடுகளின் பெயரிலும் பட்டியலில் சேர்த்தது.) அதில் பாம்ஸி பெய்ரெக் என்ற இளைஞன், தனக்கு எப்படிப்பட்ட பெண்ணைத் தேட வேண்டும் என்று தந்தையிடம் சொல்கிறான்: நான் இருந்த இடத்தைவிட்டு எழுமுன் அவள் எழுந்திருக்க வேண்டும், நான் என் கருங்குதிரையில் ஏறுமுன் அவள் ஏறியிருக்க வேண்டும், நான் பகைவனை அடையுமுன் அவள் எனக்கு ஒரு தலையைக் கொண்டுவந்து தர வேண்டும். இந்த மூன்று 'வேண்டும்'களுக்கும் மூலத்தில் 'துர்மஹ் கெரெக்', 'பின்மெஹ் கெரெக்', 'கெதுர்மெஹ் கெரெக்' என்று வினைப்பெயர் முன்னும் 'கெரெக்' பின்னும் நிற்கின்றன. 'மகனே, நீ பெண் கேட்கவில்லை. உனக்கொரு தோழனைக் கேட்கிறாய்' என்கிறார் தந்தை. அதே வேண்டுகோளை இன்றைய பாகூ இளைஞன் பேச்சில் சொன்னால் 'கெரெக்' பெரும்பாலும் முன்னே போய் நிற்கும். பழைய வரிசையும் சாகவில்லை: எழுத்து நடையிலும் அறிவுரைகளிலும் 'பில்மெக் கெரெக்திர்', அதாவது 'அறிதல் வேண்டும்', என்பது இன்றும் வழங்குகிறது.

பயன்பாட்டைப் பற்றிக் கட்டுரையில் இருந்த மற்றொரு வரி, மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கும் என்பது. அதுவும் திருத்தத்துக்குரியது. பாகூவில் ஒரு பொருள் வேண்டுமென்றால் பெரும்பாலும் 'லாஸிம்'தான் வரும்: 'மெனெ சு லாஸிம்திர்', 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' வேண்டுபவர் நான்காம் வேற்றுமையில் வருவது தமிழைப் போலவே. செயல் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்றால் 'கெரெக்' முன்வரும், அல்லது வினையோடு 'மெலி', 'மலி' என்ற விகுதி சேரும்: 'கெத்மெலியெம்', 'யஸ்மலியம்', அதாவது 'நான் போக வேண்டும்', 'நான் எழுத வேண்டும்.' இந்த விகுதியைத் தொழிற்பெயர் விகுதியும் உடைமை விகுதியும் இணைந்ததாக விளக்குவார்கள். 'போதலை உடையேன்' என்பது போன்ற கட்டுமானம். சட்டங்களிலும் அலுவலக அறிவிப்புகளிலும் இந்த விகுதிக்கே முதலிடம். இவையன்றி 'கெதெசியெம்' என்று 'போக இருக்கிறேன், போயாக வேண்டியவன்' என்ற பொருள் தரும் வேறொரு வடிவமும் உண்டு. பள்ளி இலக்கண நூல்கள் 'மெலி' வடிவத்துக்கு 'வாஜிப்' வடிவம் என்றும், 'எசி' வடிவத்துக்கு 'லாஸிம்' வடிவம் என்றும் பெயர் சூட்டியுள்ளன. பெயர்கள் அரபு, விகுதிகள் இரண்டும் கலப்பற்ற துருக்கியம். பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு உள்ளே இருப்பவரும் அரபு என்று கட்டுரையாளர் முடிவுகட்டிவிட்டாரோ என்று ஐயுறுகிறேன்.

சட்டம் 'மெலி' என்றால், வீடு 'கெரெக்' என்கிறது. நான் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டி, இடை சிறுத்த சிறிய கண்ணாடிக் குவளையில் கருஞ்சிவப்பாகத் தேநீர் ஊற்றிவைத்து, பக்கத்துத் தட்டில் கட்டிச் சர்க்கரையையும் அத்திப்பழப் பாகையும் வைப்பார். வயிறு நிறைந்துவிட்டது என்று கையை அசைத்தால், 'கெரெக் யெயெசென்' என்பார். 'நீ சாப்பிட்டே ஆக வேண்டும்.' அதில் கட்டளை இல்லை. வினை விருப்பப்பொருள் வடிவில் நிற்பதால், 'நீ சாப்பிடு' என்ற ஏவலின் கடுமை அகன்று, 'நீ சாப்பிடுவாயாக, அதுவே வேண்டும்' என்ற கனிவு அதில் தானே வந்து அமர்கிறது. ஊருக்குப் புறப்படுபவரிடம் 'கெரெக் பிஸெ கெலெசினிஸ்', 'நீங்கள் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்' என்பார்கள். இந்த இடங்களில் 'லாஸிம்' போட்டுச் சொன்னால் மருத்துவர் மருந்து எழுதித் தருவதுபோல் இருக்கும்.

இறந்த காலத்தில் அச்சொல் மனக்குறையின் மொழியாகிவிடுகிறது. 'கெரெக் மெனெ தெயெய்தின்' என்றால் 'என்னிடம் நீ சொல்லியிருக்க வேண்டும்'. சொல்லவில்லையே என்ற குறை அதற்குள்ளேயே இருக்கிறது. எதிர்மறையில் ஒரு நுட்பம் உண்டு. 'கெரெக் கெத்மெயெம்' என்று வினையை மறுத்தால் 'நான் போகக் கூடாது.' 'கெரெக் தெயில்' என்று சொல்லையே மறுத்தால் 'தேவையில்லை, வேண்டாம்.' மறுப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துத் தடையும் விடுதலையும் பிரிகின்றன. 'கூடாது', 'வேண்டாம்' என்று இரு வேறு சொற்களால் நாம் செய்வதை அவர்கள் ஒரே சொல்லின் முன்பின் நிலைகளால் செய்கிறார்கள்.

இன்னொன்று: 'கெரெக் கி, கெலிப்' என்றால் 'வந்துவிட்டார் போலும்.' இங்கே கட்டாயமே இல்லை, ஊகம் மட்டும்தான். தமிழிலும் 'அவர் இந்நேரம் வந்திருக்க வேண்டும்' என்று நாம் ஊகத்தைத் தேவைச் சொல்லாலேயே சொல்கிறோம். உலகின் பல மொழிகளில் நடக்கும் பொருள்நகர்வு இது. ஆகவே இதைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அந்தக் குட்டிச் சொல் 'கி.' அது பாரசீகத்திலிருந்து வந்த இணைப்புச் சொல். கட்டுரையாளர் தேடிய இரவல் இதோ இருக்கிறது, 'கெரெக்'கின் தோளில் சாய்ந்தபடி. பழைய எழுத்துகளில் 'கெரெக் கி' என்று தொடங்கி விருப்பப்பொருள் வினையோடு முடியும் தொடர்கள், துருக்கியில் ஆண்ட உதுமானியர் நடை உட்பட, பல இடங்களில் கிடைக்கின்றன. அந்த 'கி' உதிர்ந்த பிறகு எஞ்சியதுதான் இன்றைய 'கெரெக் கெதெம்' என்று கொண்டால், பாரசீகப் பாங்கு உள்ளே நுழைந்த கதவும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

மொழிகளைப் பற்றி எழுதும்போது சொல் எங்கிருந்து வந்தது என்பதும், அது தொடரில் நடந்துகொள்ளும் முறை எங்கிருந்து வந்தது என்பதும் இரு வேறு கேள்விகள். அஜர்பைஜான் மொழியில் இவ்விரண்டுக்கும் விடை இரு வேறு திசைகளில் கிடைக்கிறது. அதனால்தான் அம்மொழியைப் 'பாரசீகம் கலந்த துருக்கியம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. எது கலந்தது, எங்கே கலந்தது, எது கலக்காமல் நின்றது என்று பார்த்தால்தான் அம்மக்களின் ஆயிரம் ஆண்டு வாழ்க்கை தெரியும்.

எனவே ஆசிரியர் அவர்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் கீழ்க்காணுமாறு ஒரு திருத்தம் வெளியிட்டு உதவும்படி வேண்டுகிறேன்: 'லாஸிம், வாஜிப் ஆகியவை அரபுச் சொற்கள். கெரெக் என்பது 8ஆம் நூற்றாண்டு ஒர்கோன் கல்வெட்டுகளிலேயே கெர்கெக் என்ற வடிவில் காணப்படும் துருக்கியச் சொல். அதை வினைக்கு முன் வைத்து விருப்பப்பொருள் வினையுடன் வழங்கும் முறையே பாரசீகத் தொடர்பால் வலுப்பெற்றது.' இதே கட்டுரையில் அரஸ் ஆற்றை 'ஆரல்' என்று அச்சிட்டிருப்பதையும் சேர்த்துத் திருத்திவிடலாம். ஆரல் என்பது உஸ்பெகிஸ்தானுக்கும் கசாக்ஸ்தானுக்கும் இடையே வற்றிக்கொண்டிருக்கும் கடல். இந்தத் தொடரின் அடுத்த பகுதி ஜார்ஜிய மொழியைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் அம்மொழி அறிந்த ஒருவரிடம் படியைக் காட்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி